ராஜா ரொட்டியில் ஒரு புளியங்கொட்டை

ரவுண்ட் ராக்கில் எங்கள் அபார்ட்மெண்டில் ஓவன் என்பது மாவு புளிக்கும் அலமாரி. டெக்சஸ் என்றால் வெயில் என்று நம்பி வந்தவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் ஏமாற்றம்தான். வெளியே வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலும் வைத்தபடியே கிடக்கும். அதனால் ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுவோம். அந்தச் சின்ன விளக்கின் சூடு போதும். எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். அதே ஓவனில் ரொட்டியும் சுடலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. 2009 ஜனவரியில், ராஜா ரொட்டி சுட்டபோது.

ராஜா ரொட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். மெக்சிகோக்காரர்கள் ரோஸ்கா என்பார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த இனிப்பு ரொட்டி. முட்டை, வெண்ணெய், பால், ஆரஞ்சுத் தோல் சீவல் எல்லாம் சேரும். பெரிய வளையமாகச் சுற்றி, கிரீடத்தில் கல் பதித்ததுபோல் மேலே பாகில் ஊறிய பழத் துண்டுகளை வைத்துச் சுடுவார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்த திருநாளுக்காக, ஜனவரி தொடக்கத்தில் செய்வது. ரொட்டிக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தை ஒளிந்திருக்கும். அவரவர் துண்டை அவரவரே வெட்டிக்கொள்ள வேண்டும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். இதுதான் வழக்கம். விருந்துக்குப் பயந்து பொம்மையை ஒளிப்பதும், ஒளித்தவரை மற்றவர்கள் பிடிப்பதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்தவைதான்.

முந்தைய வருடம் என் கணவரின் அலுவலகத்தில் யாரோ கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, கடையில் ஒன்று வாங்கி, தமிழ் வகுப்புக் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தோம். சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் ஓர் அறை வாங்கி, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் சில குடும்பங்கள். கிறிஸ்தவர்கள், இந்துக்கள், எங்கள் எதிர்வீட்டில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தம்பதி. அந்த வருடம் பொம்மை வந்தது எங்களில் மூத்தவரான தூத்துக்குடி அங்கிளுக்கு. அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மும்முரமாக மற்றவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, காட்டிக்கொடுத்துவிட்டார். பிப்ரவரி இரண்டாம் தேதி மெக்சிகோ வீடுகளில் சோள மாவை அவித்துச் செய்யும் டமாலே சாப்பிடுவார்கள் என்று சொன்னதற்கு, கொழுக்கட்டையும் அவித்ததுதானே என்று அவர்கள் வீட்டில் கொழுக்கட்டை போட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் அந்த ரொட்டியைச் சாப்பிடவில்லை. வெட்டும் முன்பே அந்தப் பெண் என்னருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இதுல லார்ட் இருக்கா?"

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தேன். பன்றிக் கொழுப்பு இருந்தது. "பரவால்லக்கா, எனக்கு டீ குடுங்க" என்று சிரித்தாள். தட்டை நோக்கி நீண்ட மகனின் கையை, யாரும் கவனிக்காதபடி பிடித்து இழுத்துக்கொண்டாள். எல்லோரும் வாயில் ரொட்டியோடு சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவர்கள் மூன்று பேரும் வெறும் கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் ரொட்டியை வீட்டிலேயே வெண்ணெயில் செய்வது என்று அன்றே முடிவு செய்தேன்.

சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே விசாதான். ஆனால் படிக்கத் தடை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, அவள் கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங்குக்கான முன்படிப்பில் சேர்ந்திருந்தாள். அவள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அனாடமி புத்தகம் எப்போதும் திறந்திருக்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எலும்புகளின் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள்.

"பொம்மை போடுவீங்களாக்கா?" என்று ஜனவரியில் கேட்டாள்.

"போடணும். ஏன்?"

"நாங்களும் சாப்பிடப்போறோம்ல. உருவம் வேணாமே. பாதாம் ஏதாவது போடுங்களேன்."

"பாதாம்னா மென்னு முழுங்கிட்டு இல்லன்னு சொல்லிடுவாரு அங்கிள்."

அவள் யோசித்தாள். "அப்ப புளியங்கொட்டை போடுங்க. அத யாரும் மெல்ல முடியாது."

கொட்டையில்லாப் புளி என்று அச்சிட்டு இந்தியக் கடையில் விற்கும் பொட்டலத்தில் எப்போதும் ஒன்றிரண்டு கொட்டை இருக்கும். ஒன்றை எடுத்துக் கழுவி வைத்தேன்.

முதல் முறை பிசைந்த மாவு வீணாகப் போனது. இட்லி மாவுக்குச் செய்வதைப் போலவே, கையால் நன்றாகக் கலந்து ஓவனில் விளக்கைப் போட்டு இரவு முழுக்க வைத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தபோது கள்ளுக்கடை வாசனை. மாவு பொங்கி, வழிந்து, அலுத்துப்போய்ப் பாத்திரத்தின் அடியில் படுத்திருந்தது. ஈஸ்டுக்கு அவ்வளவு அவகாசம் கொடுக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு மறுபடி பிசைந்தேன். இந்த முறை ஒழுங்காக எழுந்து வந்தது. வளையமாகச் சுற்றியதும், அது மறுபடி எழும்புவதற்கு என் ஓவன் வேண்டியிருந்தது. சுடுவதற்கு எதிர்வீட்டு ஓவனைச் சூடு பண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர்கள் வீட்டுப் புகை எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் ஏறி நின்று முந்தானையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஓவனுக்குள் அவளுடைய இட்லி மாவுப் பாத்திரம். உள்ளே இருப்பதை மறந்து சூட்டை ஏற்றியிருக்கிறாள். மாவின் மேல்பக்கம் பழுப்பேறி, விளிம்பில் கருகி, கேக் மாதிரி வெடித்திருந்தது.

"முப்பது இட்லியும் ஒரே இட்லியா வந்திருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் இப்படி மறக்கிற ஆளாக்கா?" என்றாள்.

இல்லை. அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. சில நாட்களாக அவர்களுடைய கார் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு சர்வீஸுக்கு விட்டிருப்பதாக அவள் கணவர் சொன்னார். அவர் பகலிலும் வீட்டில் இருந்தார். கேள்வி கேட்பது என் பழைய தொழில்தான். ஆனால் எதிர்வீட்டில் அதை நடத்த முடியாது. ரொட்டியை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன்.

ரொட்டி நன்றாக வந்தது. ஒரு பக்கம் சற்று வீங்கி, ராஜாவின் கிரீடம் சாய்ந்த மாதிரி இருந்தது என்பது மட்டுமே குறை. ஆறியதும் யாரும் இல்லாதபோது அடிப்பக்கம் கீறிப் புளியங்கொட்டையைச் செருகினேன். மாலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"மெதுவா கடிங்க" என்று எச்சரித்தேன். "உள்ள இருக்கறது புளியங்கொட்டை."

"பல்லு போச்சுன்னா இன்சூரன்ஸ் யாரு குடுப்பா?" என்றார் தூத்துக்குடி அங்கிள்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டும் கட்டின பல்லுதானே. தைரியமா கடிங்க" என்றார் ஆன்ட்டி.

ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பையன் இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான். எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் கணவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். வளையம் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் துண்டும் தீர்ந்தது. கொட்டை வந்ததாக யாரும் சொல்லவில்லை.

"நீ போட்டியா இல்லியா?" என்று என் கணவர் கேட்டார்.

"போட்டேன்."

"சாம்பார்ல போட்டிருப்ப."

எல்லோரும் தூத்துக்குடி அங்கிளைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் அவர்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. பாக்கெட்ட காட்டுங்க" என்றேன்.

"இந்த ஸ்வெட்டர்ல பாக்கெட்டே கிடையாதும்மா."

"அதான் பாத்து போட்டுட்டு வந்திருக்கீங்க."

"மே பி சம்படி ஸ்வாலோட் இட்" என்றாள் என் மகள்.

"முழுங்கினா வயித்துல மரம் முளைக்கும், பாத்துக்க."

"தட்ஸ் நாட் ட்ரூ, அங்கிள்."

எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் ஓரம் டீயோடு நின்றிருந்தாள். கோப்பையை உதட்டருகே வைத்திருந்தாள், குடிக்கவில்லை. வலது கன்னம் லேசாக மேடிட்டிருந்தது. யாரோ ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். விளையாடுகிறாள், கடைசியில் எடுத்துக் காட்டப்போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் காட்டவில்லை. மகனுக்குத் தூக்கம் வருகிறது என்று சைகை செய்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். கொட்டை நிஜமாகவே சாம்பாரில்தான் போயிருக்கும் என்று தீர்ப்பாகி, விருந்தில்லாமல் கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை, கணவர் அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கும் போனபின், அவள் வந்தாள். உள்ளங்கையில் கொட்டை இருந்தது.

"எனக்குத்தான்க்கா வந்துச்சு."

"தெரியும். கன்னத்துல வச்சிருந்த."

"பாத்தீங்களா?" என்று உட்கார்ந்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். கணவரின் ப்ராஜெக்ட் டிசம்பரோடு முடிந்துவிட்டது. கம்பெனி அவரைப் பிப்ரவரி நடுவரைக்கும் கணக்கில் வைத்திருக்கும். அதற்குள் இன்னொரு இடம் அமையாவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தக் குளிர்காலத்தில் எல்லாக் கம்பெனியும் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததே தவிர, உள்ளே எடுக்கவில்லை. காரை விற்றாகிவிட்டது. கணவரை அவள் மச்சான் என்றுதான் சொல்வாள்.

"மச்சான் யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. வாப்பாவுக்குக்கூட தெரியாது. கொட்டை வந்துடுச்சுன்னு நேத்து சொல்லியிருந்தா, ரெண்டாம் தேதி எங்க வீட்டுலன்னு ஆயிடும். எல்லாருக்கும் வாக்கு குடுத்த மாதிரி. இருப்போமான்னு தெரியாம எப்படிக்கா குடுக்கறது?"

"காலேஜ்?"

"அடுத்த செமஸ்டருக்கு ரெஜிஸ்டர் பண்ணலாமா வேணாமான்னு அந்தப் பேஜையே திறந்து வச்சு பாத்துட்டு இருக்கேன். ஊருக்குப் போனா மாமி வீட்டுல யாரு என்னைய நர்ஸிங் படிக்க விடுவா? இந்த ஊர்ல இருந்தாத்தான் எனக்கு அது."

எனக்கு ஒரு வழி தோன்றியது. கையை நீட்டினேன். "அத என்கிட்ட குடு. எனக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிக்கறேன். விருந்து நாங்க வைக்கறோம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

கொடுக்கத்தான் போனாள். கை பாதி தூரம் வந்தது. பிறகு விரல்கள் மடங்கின.

"வேணாம்க்கா. எனக்கு வந்தது எனக்கு வந்ததுதான்."

அந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. பிள்ளைகள் உள்ளே 'ஃ' எழுதிக்கொண்டிருக்க, பெற்றோர்கள் வழக்கம்போல் நூலகத்தின் நடைவழியில் நின்றிருந்தோம். அவள் கணவர் வரவில்லை. அவள் நேராக வந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு கொட்டை எனக்குத்தான் வந்துச்சு. பிப்ரவரி ரெண்டு எங்க வீட்டுக்கு எல்லாரும் வாங்க. தக்கடி செய்யறேன். ஒண்ணே ஒண்ணு. அவங்களுக்கு ப்ராஜெக்ட் முடிஞ்சுடுச்சு, வேற தேடிட்டு இருக்காங்க. கிடைக்கலன்னா நாங்க கிளம்பிடுவோம். ஆனா ரெண்டாம் தேதி வரைக்கும் இருப்போம், இன்ஷா அல்லாஹ்."

முதலில் வாயைத் திறந்தவர் தூத்துக்குடி ஆன்ட்டி.

"தக்கடின்னா என்னம்மா?"

"அரிசி மாவு உருண்டை, ஆன்ட்டி. ஆட்டுக்கறியோட சேத்து வேக வைப்போம்."

"அப்ப கொழுக்கட்டைக்குப் பெரியப்பா பையன்."

சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் அங்கிள், நோட்டீஸ் பலகையைப் பார்த்தபடி, "ரெஸ்யூமை எனக்கு அனுப்பச் சொல்லு. இன்னிக்கே" என்றார். மற்றவர்களும் செல்ஃபோனை எடுத்தார்கள். யார் யாருக்கு எந்தக் கம்பெனியில் யாரைத் தெரியும் என்ற பேச்சு, வகுப்பு முடிந்து பிள்ளைகள் வந்து இழுக்கும் வரை நடந்தது.

அவள் கணவர் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. அடுத்த நாள் ரெஸ்யூமை என் கணவரிடம் கொண்டுவந்து, "அண்ணே, இத ஒருக்கா பாருங்க" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஷேவ் செய்திருந்தார். அதே வாரம் அவள் காலேஜுக்குப் பதிவு செய்துகொண்டாள். கார் இல்லாததால் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவள் நரம்புகளின் பெயரை ஒப்பிப்பாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் சரிபார்ப்பேன். பல இடங்களிலிருந்து பதில் வரவில்லை. சில இடங்களிலிருந்து இப்போது ஆள் எடுப்பதில்லை என்று பதில் வந்தது.

பிப்ரவரி இரண்டு திங்கட்கிழமை. எல்லோரும் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார்கள். சோஃபாவும் விற்றுப்போயிருந்ததால் தரையில் படுக்கை விரிப்புகளைப் போட்டிருந்தாள். சுவரோரம் இரண்டு பெரிய பெட்டிகள் திறந்திருந்தன. ஒன்றில் குளிர் உடுப்புகள் அடுக்கியிருந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தோம். தக்கடி பெரிய பாத்திரத்தில் வந்தது. கறியின் சாறு ஊறிய மாவு உருண்டைகள், மேலே தேங்காயும் மிளகும் மணக்க. இந்து வீடுகளில் இரண்டு சைவம். அவர்களுக்குக் கறியில்லாமல் தனியாகச் செய்து வைத்திருந்தாள்.

"போன வருஷம் நாங்க போட்டதுக்குப் பேரு கொழுக்கட்டைன்னு இனிமே வெளில சொல்லக்கூடாது" என்றார் அங்கிள், இரண்டாம் முறை தட்டை நீட்டியபடி.

"நீங்க எங்க போட்டீங்க? நான்தான் போட்டேன்" என்றார் ஆன்ட்டி.

அப்போது அவள் கணவரின் ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு, எச்சில் கையோடு வெளியே மாடிப்படிக்குப் போனார். கதவு மூடியது. எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதாகப் பாவனை செய்தோம். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் விட்டுவிட்டுக் கதவையே பார்த்திருந்தாள்.

அவர் உள்ளே வந்தார். கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்திருந்தது.

"அங்கிள் ஃப்ரெண்டு கம்பெனி. வியாழக்கிழமை நேர்ல வரச் சொல்றாங்க."

"எங்க?" என்று ஒரே நேரத்தில் பலர் கேட்டார்கள்.

"ஹூஸ்டன்."

"வண்டிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நான் ட்ரைவ் பண்றேன்" என்றார் அங்கிள்.

"வேணாம்ப்பா" என்றார் ஆன்ட்டி. "இவரு ஃப்ரீவேல நாப்பதுல போவாரு. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வேலைக்கு வேற ஆள் வந்து ரிட்டயரே ஆயிடுவான்."

என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அழைத்துப்போவதாக முடிவாயிற்று. அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள். கேட்காமலே எல்லோர் தட்டிலும் இன்னும் ஒரு உருண்டை வைத்துக்கொண்டு போனாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் இருவரும் கிளம்பிப் போனார்கள். அவளுக்கு அன்று அனாடமியில் தேர்வு. விட்டுவிடலாமா என்று கேட்டாள்; கூடாது என்றேன். காலேஜ் வாசலில் இறங்கும்போது ஃபோனை அணைத்துப் பையில் போட்டாள்.

மதியம் என் கணவர் கூப்பிட்டார். வேலை கொடுக்கிறார்கள். விசா பேப்பர்களை உடனே ஃபைல் செய்வதாக, கையைக் குலுக்கிச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் முன்னதைவிடக் குறைவு. வீட்டை ஹூஸ்டனுக்கு மாற்ற வேண்டும். எந்தச் செய்தியையும் முந்தித் தரப் பழகிய எனக்கு, அன்று அதை வைத்துக்கொண்டு காலேஜ் வாசலில் காரில் காத்திருப்பது கடினமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

அவள் வந்து கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லாதீங்கக்கா. மச்சான் வாயால கேக்கறேன்."

ஃபோனை உயிர்ப்பித்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் அவர் பேசுவது எனக்கும் கேட்டது. வார்த்தைகள் இல்லை, குரலின் வேகம் மட்டும். அவள் "ம்" என்றாள். இன்னொரு "ம்". கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டியை எடுக்காமல் காத்திருந்தேன்.

"சரி மச்சான், அல்ஹம்துலில்லாஹ். வீடு பாக்கறது இருக்கட்டும். அந்த ஊர்ல கம்யூனிட்டி காலேஜ் எங்க இருக்குன்னு அங்கயே யார்ட்டயாவது கேட்டுட்டு வாங்க. இங்க எடுத்த க்ரெடிட்ட ஒத்துப்பாங்களான்னும் கேளுங்க." கொஞ்சம் கேட்டாள். "இல்ல, நாளைக்கு இல்ல. இப்பவே. அங்க இருக்கும்போதே போய் கேட்டுட்டு வாங்க. அண்ணன் கூட்டிட்டுப் போவாங்க."